தூண்டில் கேள்வி பதில்: ஃபுளோரிடா ஏரிகளில் குளிர்காலப் பாஸ்

ஜனவரியில் மேகமூட்டமான நாளில் பாஸ் என்ற நன்னீர் மீன் நன்றாகக் கடிக்கிறது. மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தால் தொடக்கூட மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகர், ஆர்லாண்டோ

நடுவில் வாடைக்காற்று வந்து போயிருக்கும். அது வருமுன் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று. மீன் அலைந்து இரை தேடும். வந்த பிறகு வடக்குக் காற்று, துடைத்த வானம், இரவோடு இரவாகத் தண்ணீர் குளிர்ந்துவிடும். ஃபுளோரிடாவின் பெரிய ஏரியான ஓகிசோபியின் சராசரி ஆழமே சுமார் 9 அடிதான். ஒதுங்க மடு இல்லாததால் மீன் செடிக்குள் புகுந்துகொள்கிறது. ஃபுளோரிடா வகைப் பாஸுக்கு, வடக்கத்தி வகையைவிடக் குளிர் ஆகாது.

தண்ணீரின் சூட்டை அளக்கும்போது எண்ணைவிடப் போக்கைப் பாருங்கள். 56 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து ஏறி 60-ல் நிற்கும் தண்ணீரில் மீன் கடிக்கும். 67-லிருந்து இறங்கி அதே 60-ல் நிற்கும் தண்ணீரில் வாயைத் திறக்காது. அப்படிப்பட்ட நாளில் விடியற்காலையில் போய் நடுங்க வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் போங்கள். ஏரியின் வடகரைதான் முதலில் சூடேறும்: வாடைக்கு மறைவு, வெயிலுக்கு நேர்முகம். கறுத்த சேற்றுத் தரையுள்ள வாய்க்கால் முனைகளும் அப்படித்தான்.

மேலே பாய் விரித்தாற்போல் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி மூடிக் கிடக்கிறது. உள்ளே இரையை எப்படி இறக்குவது?
– வாசகர், கிசிமி

ஏழரை அடி கனத்த ராடு (தூண்டில் கோல்), 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு (தூண்டில் நூல்). நரம்பில் முதலில் குண்டு நகராமல் பிடிக்கும் ரப்பர் தடை, அடுத்து 1 முதல் 1½ அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, கடைசியில் 4/0 அளவு நேர்த்தண்டுத் தூண்டில் முள். இரை நான்கு அங்குலத்துக்குள், கைகால் அதிகம் விரியாத ரப்பர் இரையாக இருக்கட்டும். வால் நீண்ட புழு செடியிலேயே சுற்றிக்கொள்ளும். ஈயக்குண்டு வேண்டாம், அதே எடைக்கு உருவம் பெரிது, துளைக்காது. தடையைக் குண்டோடு ஒட்டித் தள்ளி வையுங்கள். விட்டுவிட்டால் குண்டு மட்டும் கீழே போகும், இரை மேலேயே தங்கிவிடும். 'உள்ளே போட்டேன், கடிக்கவில்லை' என்று சொல்பவர்களில் பாதிப்பேரின் சிக்கல் இதுதான்.

தூர வீச வேண்டாம். ராடு நீளத்துக்குள் உயர எழுப்பி, செங்குத்தாக விழவிடுங்கள். தரையைத் தொடும்வரை நரம்பைத் தளர்த்திக் கொடுங்கள். பிறகு ஒரு சாண் உயர்த்தி, பத்து எண்ணும்வரை அசையாமல் வையுங்கள். குளிரில் 'டக்' என்ற அடியை எதிர்பார்க்காதீர்கள். குண்டின் கனம் திடீரென்று குறையும், அல்லது ஈரத்துணி மாட்டியதுபோல் இழுக்கும். அதுதான் கடி. உடனே சுண்டி, நிறுத்தாமல் மேலே ஏற்றுங்கள். ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் செடித் தண்டைச் சுற்றிவிடும்.

வேகமாக ஓட்டும் கிலுகிலுப்பை இரை (உள்ளே குண்டுகள் கிலுகிலுக்கும் மீன் வடிவப் போலி இரை) குளிரில் வீண்தானா?
– வாசகர், லேக்லேண்ட்

வாடைக்கு முந்தின நாள் அதற்கு ஈடில்லை. அரை அவுன்ஸ் போதும். மூழ்கிய செடியின் நுனியை உரசும்படி ஓட்டி, சிக்கினால் வெடுக்கென்று பிடுங்குங்கள். பெரும்பாலும் விடுபடும் அந்தக் கணத்தில்தான் அடிக்கும். வாடைக்கு மறுநாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உயிருள்ள ஷைனர் என்ற சிறு மீனை இரையாகக் கோக்கும்போது பாஸ் முள்ளை விழுங்கிவிடுகிறது. தவிர்ப்பது எப்படி?
– வாசகர், செப்ரிங்

கடித்த பிறகு நீங்கள் காத்திருப்பது நீளுகிறது. ஆறேழு அங்குல ஷைனரை உதட்டில் கோத்து, தக்கையை மூன்றடி மேலே வையுங்கள். தக்கை படபடவென்று துடித்தால் பாஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள், கை வைக்காதீர்கள். தக்கை அமிழ்ந்து நகர்ந்ததும் தளர்ச்சியைச் சுருட்டி, கனம் தெரிந்தவுடன் இழுங்கள். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளானால் சுண்டாமல், சீராகச் சுருட்டினாலே உதட்டோரம் மாட்டும். விழுங்கியே விட்டால் தோண்டாதீர்கள். வாயருகே நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள்.

எத்தனை மீன் எடுத்துப் போகலாம்?
– வாசகர், டாம்பா

மாநிலப் பொதுவிதி: ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து பாஸ், அதில் ஒன்றுதான் 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். வாயை மூடி, வாலை ஒடுக்கி அளக்க வேண்டும். சில ஏரிகளுக்குத் தனிவிதி உண்டு, படகுத்துறைப் பலகையைப் படித்துவிடுங்கள். குளிர்காலத்துப் பெரிய மீன் அநேகமாக முட்டை நிறைந்த பெண். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், மறுகையால் வயிற்றைத் தாங்கிப் படம் எடுத்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள்.