மாணவர்களின் ஆக்கங்களைச் சுவரில் ஒட்டுவதைத் தவிர வேறு எப்படிக் காட்சிப்படுத்தலாம்?

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இங்கே பல வகுப்பறைகளுக்கு முழுச் சுவரே கிடையாது. அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடித்தால் பிரிஸ்டல் போர்ட் பிய்த்துக்கொண்டு போகும். கார்த்திகை, மார்கழி மழையில் கம் விட்டுவிடும், வோட்டர் கலர் ஊறிப்போகும். ஆகவே ஒட்டும் வேலையை எப்போதோ விட்டுவிட்டோம். கம்பிவலையில் குறுக்கே தும்புக் கயிறு, அதில் உடுப்புக் கிளிப். பிள்ளையின் கண் உயரத்துக்குக் கட்டினால் போதும், அவர்களே மாட்டுவார்கள், அவர்களே கழற்றுவார்கள். கோட்டைப் பக்கம் உள்ளவர்கள் வெளியே தாழ்வாகக் கட்டாதீர்கள். பகிடி இல்லை, டவுனுக்குள் திரியும் புள்ளிமான்கள் கடதாசியையும் விட்டுவைக்காது.

சரி, அது கட்டுகிற வேலை. எங்கே மாட்டுவது என்பதற்கு முன்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள். வகுப்புக்குள்ளேயே தொங்கும் படத்தை வரைந்த பிள்ளைகூட மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்காது. மேற்பார்வைக்கு ஆள் வருகிறார் என்றதும் இரவோடு இரவாகச் சோடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் பாதி ரீச்சர்மாரின் கைவண்ணம்தான் என்பது வருகிறவருக்கும் தெரியும்.

தரம் 4 பிள்ளைகள் ஊர்த் தொழில்கள் பற்றிச் செய்த வேலையைப் பெற்றோர் சந்திப்பு நாளில் வெளி விறாந்தையில் தொங்கவிட்டிருந்தோம். ஒரு பையன் கரைவலை இழுப்பதைக் கீறியிருந்தான். அவனுடைய அப்பப்பா அந்தக் காலத்துச் சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவரிடம் வலை இழுத்தவர். படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். மீன் வந்து சேரும் பையான மடியைக் காட்டி, "டேய், மடியை இப்பிடிக் கீறினா மீன் முழுக்கத் திரும்பிப் போயிடும்" என்றார். பையன் பென்சிலை நீட்டினான். முதலில் கூச்சப்பட்டார், பிறகு வாங்கி, வலையின் இரண்டு கையும் வந்து மடியில் சேரும் இடத்தை அழுத்திக் கீறிக் காட்டினார். அதை நாங்கள் அழிக்கவில்லை. கீழே பையனே எழுதினான்: "திருத்தம்: அப்பப்பா."

அடுத்த கிழமை பாதி வகுப்பு படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தி வாங்கி வந்தது. அதிலிருந்து எந்தக் காட்சியானாலும் பக்கத்தில் ஒரு கொப்பியும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்கும். "நல்லது", "அழகு" என்று எழுதத் தடை. பார்த்த ஒரு விஷயத்தை எழுத வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பிள்ளை பதில் எழுதிப் போடும். எழுத வராத பெரியவர் வந்தால் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போனபோது அங்குள்ள ஏழு கிணற்றிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். ஏழும் ஒரே சூடு இல்லை என்று எல்லாருக்கும் வாய்ப்பாடமாகத் தெரியும், அளந்து பார்த்தவர்கள் குறைவு. அந்த எண்களைக் கொப்பியில் வரைபாக்குவதற்குப் பதிலாக விறாந்தைத் தூண்கள் ஏழை எடுத்துக்கொண்டோம். தூணுக்கு ஒரு கிணறு. ஒரு பாகைக்கு மூன்று சென்ரிமீற்றர் என்று கணக்குப் போட்டுச் சிவப்புத் துணிப் பட்டியைத் தரையிலிருந்து மேலே ஏற்றிக் கட்டினார்கள். இடைவேளையில் ஓடி விளையாடும் உயர்தரப் பிள்ளைகள்கூட நின்று தோளோடு அளந்து பார்த்தார்கள். கணக்கு, விஞ்ஞானம், சுற்றாடல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே என்றால் மனிதர் காத்திருக்கும் இடங்களைப் பிடியுங்கள். சலூன், பார்மசி, தையல் கடை. கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முன்னால் இருப்பதை முழுக்க வாசிப்பார். ஒரு கடைக்கு நான்கு தாள் போதும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். எங்கள் ஊரில் தமிழ் மட்டும் எழுதினால் வாசிப்பவர்களில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே இரண்டாம் மொழிப் பாடத்தில் படித்த சிங்களத்தில் ஒரு வரி தலைப்பாவது பிள்ளைகளே எழுதுவார்கள். பிழை இருந்தால் கடைக்கு வருகிறவர் சொல்லித் தருவார், அதுவும் பாடம்தான்.

இன்னொன்று, முடிந்த படத்தை மட்டும் மாட்டாதீர்கள். முதல் கிறுக்கல், இரண்டாவது முயற்சி, கடைசிப் படம் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே கயிற்றில் விடுங்கள். இடையில் என்ன மாற்றினேன் என்று பிள்ளை சொன்னதைச் சொன்ன மாதிரியே ஒரு துண்டில் எழுதுங்கள். இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகர முன்பள்ளிகள் இப்படிப் பிள்ளைகளின் வேலை நடந்த விதத்தையே ஆவணமாக்குவதற்குப் பெயர் பெற்றவை. லோரிஸ் மலகுஸ்ஸி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வளர்த்த முறை அது. அதற்குக் காசும் தேவையில்லை, கெட்டித்தனமாகக் கீறத் தெரியாத பிள்ளைக்கும் காட்ட ஏதாவது இருக்கும். "சிறந்த பத்து" என்று பொறுக்கி மாட்டும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வருடம் முழுக்க ஒரே பத்துப் பேர்தான் தொங்குவார்கள்.

ஆனால் அளவு வேண்டும். 2014இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சோடனை நிறைந்த வகுப்பறையில் பாடம் கேட்ட பிள்ளைகள் 42 வீதம் சரியாகப் பதில் சொன்னார்கள், வெறுமையான வகுப்பறையில் 55 வீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அதைப் படித்த பிறகு கரும்பலகைப் பக்கத்தை நான் காலியாக வைத்திருக்கிறேன். காட்சியெல்லாம் பின்பக்கமும் விறாந்தையும்தான்.

வட்ஸ்அப் குழுவில் போடுவது சுலபம், வெளிநாட்டில் இருக்கும் அப்பாமாருக்கு அது ஒன்றுதான் வழி. படத்தோடு பிள்ளை விளக்கும் குரல்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள், வீடியோவைவிட டேட்டா குறைவாகப் போகும். பேஸ்புக்கில் போடுவதானால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முகம், முழுப்பெயர், பள்ளிக்கூடப் பெயர் மூன்றும் ஒரே படத்தில் வரக்கூடாது. கடையில் மாட்டும் தாளிலும் முதற்பெயரும் தரமும் போதும்.

தவணை முடிவில் எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமாரிக்கு மேல் சுருட்டி வைத்தால் அடுத்த தவணைக்குள் கறையான் பார்த்துக்கொள்ளும். தூண் வரைபு மாதிரிப் பிரிக்க முடியாததைப் போட்டோ எடுத்து வகுப்புக் கோவையில் வையுங்கள், அடுத்த வருடம் கன்னியாவுக்குப் போகும் வகுப்புக்குத் தேவைப்படும்.