பெயர்ப்பலகை போர்டு கடைக்கு ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி ஷீட் வெட்டும் சிஎன்சி மெஷின்): வாசகர் கேள்விகள்

மார்த்தாண்டம் வாசகர்: நல்ல சிஎன்சி மெஷின் எது, என்ன விலை?

எதை வெட்டப் போகிறீர்கள்? ஏசிபியா (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஷீட்), அக்ரிலிக்கா, பிவிசி ஃபோம் போர்டா, தேக்கா? ஷீட்டும் கனமும் எழுதாமல் விலை மட்டும் கேட்டால் என்ன சொல்ல?

களியக்காவிளை: இடம் குறைவு. 4க்கு 4 அடி பெட் (ஷீட் வைத்து வெட்டும் மேடை) போதுமா?

ஷீட் வருவது 8க்கு 4 அடியில். முன்னும் பின்னும் திறந்த பெட் என்றால் ஷீட்டை நகர்த்தி இரண்டு தடவையாக வெட்டலாம். மூடிய பெட் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை: 3 கிலோவாட் ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) கேட்டேன். அதே விலைக்கு 6 தருகிறேன் என்கிறார் டீலர். வாங்கலாமா?

'அதே விலை' என்றால் ரெயிலிலோ, அதன் மேல் ஓடி ஸ்பிண்டிலைச் சுமக்கும் கேன்ட்ரியிலோ, பெட்டிலோ கை வைத்திருப்பார். 3 மிமீ ஏசிபி, 5 மிமீ அக்ரிலிக், 18 மிமீ ஃபோம் போர்டு எல்லாவற்றுக்கும் 3 கிலோவாட் தாராளம். சிங்கிள் பேஸிலேயே ஓடும். 6 என்றால் த்ரீ பேஸுக்குக் கரன்ட் ஆபீஸ் ஏற வேண்டும்.

டெமோவில் மரத்தில் பிள்ளையார் செதுக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்குவதை எப்போதுதான் விடுவீர்களோ! முழு ஏசிபி ஷீட் ஒன்றைக் கொண்டுபோய், 8 அடி நீளத்துக்கு வி-குரூவ் (மடிப்பதற்கான வி வடிவப் பள்ளம்) போடச் சொல்லி மடித்துப் பாருங்கள். அடித்தகடு 0.3 மிமீ போல்தான் இருக்கும். பெட் அரை மிமீ ஏறி இறங்கினாலே ஓரிடத்தில் தகடு கிழியும், இன்னோரிடத்தில் மடியாது. பெட்டின் மேலே போட்ட எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை அதே மெஷினில் சீவி மட்டம் செய்து தரவேண்டியது டீலர் வேலை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் எம்டிஎஃப் ஊதும்; அப்போது சீவுவது உங்கள் வேலை. எர்த் தனியாகப் போடுங்கள்.

செங்கோட்டை: அக்ரிலிக் உருகி பிட்டில் ஒட்டுகிறது.

மெதுவாக ஓட்டுகிறீர்கள். சிங்கிள் ஃப்ளூட் (ஒரே வெட்டு விளிம்புள்ள) பிட், 18,000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 2,500 மிமீ வேகம். காஸ்ட் (அச்சில் ஊற்றிச் செய்த) ஷீட் வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் (உருக்கிப் பிதுக்கிச் செய்தது) சீக்கிரம் இளகும்.

குமுளி: தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுத்தின் உள்மூலை மழுங்குகிறது. சின்ன எழுத்து வெட்டும்போதே நகர்ந்துவிடுகிறது.

3 மிமீ பிட் உள்மூலையில் 1.5 மிமீ வளைவு விடும். மூலைக்கு மட்டும் சின்ன பிட் மாற்றுங்கள். நகராமலிருக்க அடியில் 0.3 மிமீ விட்டு வெட்டி, பிளேடால் எடுங்கள். லேசருக்கு மாறினாலும் பிவிசி ஃபோம் போர்டை அதில் வைக்காதீர்கள். வரும் ஆவி அமிலம், நெஞ்சையும் லென்ஸையும் சேர்த்து அரிக்கும்.

சித்தூர்: வேலை பாதியில் மெஷின் தானாக நிற்கிறது.

முதலில் எர்த். பிறகு ஸ்பிண்டில் கேபிளை சிக்னல் வயரிலிருந்து பிரித்துக் கட்டுங்கள்.

பொள்ளாச்சி: பழைய மெஷின் வாங்கலாமா?

கரன்டை அணைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போயிற்று. ரெயிலில் துருப்புள்ளி தெரிந்தால் பேரமே பேசாதீர்கள்.