முதுகுவலிக்குத் தைலமா, ஊசியா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் பல வருடங்களாக இயன்முறை சிகிச்சை செய்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

தேக்காவில் வாங்கிய கொட்டஞ்சுக்காதி தைலம் தேய்க்கிறேன், ஒத்தடமும் கொடுக்கலாமா? (பீஷான், 54 வயது)

தாராளமாகக் கொடுங்கள் அக்கா, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் இறுகிய தசை இளகும். ஆனால் மெந்தால் வாசனை தூக்கலாக இருக்கும் மருந்து எண்ணெய் தடவிய இடத்தில் சூடு வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: அந்த மாதிரி மருந்து எண்ணெய்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்ற வலிநீக்கிப் பொருள் இருக்கிறது. வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டால், தினமும் முதுகு முழுக்கத் தேய்ப்பது அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். தைலத்தை மருந்தென்றே நினைக்காததால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டர் கேட்டாலும் நம் பெரியவர்கள் அதைச் சொல்வதில்லை.

பேருந்து ஓட்டுகிறேன். சீன மருத்துவரிடம் அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம் அண்ணே. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அக்குபங்சருக்கு இடம் உண்டு, ஆதாரம் அவ்வளவு வலுவானதில்லை என்றாலும். இடுப்புப் பட்டையை வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது, ஓட்டுநர்கள் நிறையப் பேர் அதை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். போகும் முன் அவர் பெயர் பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் வலி குறையலாம், சரி, அந்த இரண்டு நாளை உட்கார்ந்தே கழித்தால் காசு வீண். முனையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கி ஐந்து நிமிடமாவது நடங்கள்.

வலி காலுக்கு இறங்குகிறது, யோகா செய்யலாமா? (பொங்கோல்)

குனியும் ஆசனங்களை இப்போதைக்கு விடுங்கள் தம்பி, முக்கியமாகப் பச்சிமோத்தாசனம். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மெல்ல நெஞ்சைத் தூக்கிப் பாருங்கள். காலில் இருக்கும் வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஊரிலிருந்து அம்மா பஸ்பம் அனுப்பியிருக்கிறார், சாப்பிடலாமா?

வேண்டாம்மா. வெளியே தேய்க்கும் எண்ணெய் வேறு, உள்ளே போவது வேறு. சில பஸ்பங்களிலும் ரச மருந்துகளிலும் பாதரசம், ஈயம் சேர்வது உண்டு, ஈயம் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். சீன மருத்துவர்களுக்கு இருப்பதுபோல ஆயுர்வேத வைத்தியர்களுக்கு இங்கே சட்டப்படியான பதிவு கிடையாது, அதனால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதிக்க முடியும்.