சிற்பமே சூளையானால்: கேள்வி பதில்

கேள்வி: சிற்பத்தைச் சூளைக்குள் வைக்காமல் வெட்டவெளியில் நிறுத்தியே சுடுகிறார்களாமே, எப்படி?

பதில்: அங்கே சிற்பம்தான் சூளை. உள்ளே கூடாக, அடியில் அடுப்புவாயும் மேலே புகைவழியும் வைத்துக் கட்டுவார்கள். வெளியே வெப்பம் தாங்கும் பீங்கான் இழைப் போர்வையைச் சுற்றிவிட்டு, கீழிருந்து விறகு போட வேண்டியதுதான். டென்மார்க் கலைஞர் நினா ஹோல் இந்த முறைக்குப் பேர்போனவர். சுமார் 1000 டிகிரி செல்சியஸில் போர்வையை உருவினால் சிற்பம் ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கும். கூட்டம் கூடுவதே அதற்குத்தான்.

கேள்வி: அவ்வளவு சூட்டில் திறந்தால் வெடிக்காதா?

பதில்: விரிசல் விழலாம். அதனால்தான் களிமண்ணில் சுட்டமண் நொறுக்கைத் தாராளமாகக் கலக்கிறோம். வெடிக்கிற ஆபத்து தொடக்கத்தில்தான் அதிகம். 100 டிகிரியைத் தொடும்போது உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். நன்றாகக் காயவிட்டு, முதலில் சிறுதீயாக எரியுங்கள்.

கேள்வி: இந்த முறையில் நான் செய்யப்போவது நிலக்கரி, பெட்ரோலியம் பற்றிய சிற்பம். அதை எண்ணெய்க் கிணற்று வடிவில் செய்யலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: செய்யலாம், ஆனால் அது விளம்பரப் பலகை மாதிரி ஆகிவிடும். மண்ணையும் எரிபொருளையும் கவனியுங்கள். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பல இடங்களில் ஒரு களிமண் அடுக்கு இருக்கும். அந்தக் காலச் சதுப்புக்காடு வேரூன்றிய மண் அது. வேர்த்தடங்கள்கூட இன்னும் தெரியும். சூளைக்கான தீச்செங்கல் செய்யும் மண்ணும் அங்கிருந்து நிறையக் கிடைக்கிறது. அதன்மேல் வளர்ந்த காடுதான் நிலக்கரி. உலகின் பழைய படுகைகள் பலவற்றுக்கு 30 கோடி ஆண்டுக்கு மேல் வயது. அந்த மண்ணில் கட்டி அதே படுகையின் கரியால் சுட்டுப் பாருங்கள், கிணற்று வடிவமெல்லாம் தேவைப்படாது. ஒன்று மட்டும்: அந்த மண் தனியாக 1000 டிகிரியில் சரியாக வேகாது. சாதாரணச் செம்மண் களிமண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் டைனோசரிலிருந்து வந்ததுதானே?

பதில்: இல்லை. பெரும்பாலும் நீரில் மிதந்த பாசியும் நுண்ணுயிர்களும். டைனோசரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எதை எரித்தாலும் சிற்பம் ஒன்றுதானே?

பதில்: கிடையாது. விறகின் சாம்பல் 1200 டிகிரிக்கு மேல் மண்ணோடு உருகி மெருகாகப் படியும். நிலக்கரிக்கு அடியில் கம்பித்தட்டு வேண்டும், காற்று கீழிருந்து வர வேண்டும். அதன் கந்தகம் மேற்பரப்பில் வேலையைக் காட்டும். எரிவாயு தடயமே விடாது. அதையும் கருத்தாக்கலாம், யோசியுங்கள்.

கேள்வி: எரிபொருளைக் கேள்வி கேட்கும் கலைக்கு நிலக்கரி எரிப்பது முரண் இல்லையா?

பதில்: முரண்தான், மறைக்காதீர்கள். எத்தனை கிலோ எரித்தீர்கள் என்பதைச் சிற்பத்தின் அருகிலேயே எழுதி வையுங்கள். நல்ல நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும், எரியும்போது காற்றின் ஆக்சிஜனும் சேர்வதால். இந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் நம்ப மாட்டார்கள். அப்புறம், இழைப் போர்வையைக் கையாளும்போது தூசு நுரையீரலுக்குப் போகாதபடி தரமான முகமூடி போடுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது.