ஒரே சாலையில் முந்நூறு ஆண்டுகள்: டெல்லியில் ஒரு நாள்

வாசகர் கேள்வி – பதில்

*பிப்ரவரியில் ஹரித்வார் போகிற வழியில் டெல்லியில் எங்களுக்கு ஒரு நாள் கிடைக்கிறது. டிராவல்ஸில் கொடுத்த பட்டியலில் செங்கோட்டை, இந்தியா கேட், தாமரைக் கோயில், குதுப்மினார், ஹுமாயூன் சமாதி, லோதி தோட்டம் என்று ஒன்பது இடம் இருக்கிறது. ஒரே நாளில் முடியுமா?*
– வாசகி, திருச்சி

முடியாது. செங்கோட்டை நகரின் வடக்கே, குதுப்மினார் தெற்கே. நடுவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் டெல்லிப் போக்குவரத்து. ஒன்பது இடமும் போனால் ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் தேறாது. அதிலும் பாதி டிக்கெட் வரிசையிலும் சோதனை வாசலிலும் போய்விடும். உங்கள் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் செங்கோட்டை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் யோசனை, ஒரே ஒரு சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது லோதி ரோடு. மேற்குக் கோடியில் சஃப்தர்ஜங் சமாதி, கிழக்குக் கோடியில் ஹுமாயூன் சமாதி, நடுவில் லோதி தோட்டம். மொத்தம் சுமார் 4 கிலோமீட்டர்தான். இந்தச் சாலையோரம் இருக்கும் பெரிய சமாதிகளில் பழையது 1444-ஐச் சேர்ந்தது, கடைசியானது 1754-ஐச் சேர்ந்தது. டெல்லியில் சமாதிக்கும் தோட்டத்துக்கும் எப்படி உறவு உண்டானது என்பதை முழுதாக இங்கேயே பார்த்துவிடலாம்.

வரிசையை வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சஃப்தர்ஜங் சமாதியின் வாசல் கிழக்கே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் முகப்பில் காலை வெயில் நேராக விழும். ஹுமாயூன் சமாதியில் இப்போது மேற்கு வாசல் வழியாக விடுகிறார்கள். அந்த முகப்புக்கு மாலை வெயில்தான் சரி. காலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும். சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் ஒரே நிழலாகத்தான் தெரியும். பல சுற்றுலாக்காரர்கள் ஹுமாயூனைக் காலையில் முதலில் வைக்கிறார்கள். அதை மட்டும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

எனவே இப்படிப் போகலாம். புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோ மஞ்சள் தடத்தில் குருகிராம் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் ஜோர் பாக். காலை 7 மணி சுமாருக்கு லோதி தோட்டத்தில் இருங்கள், கட்டணம் கிடையாது. இரண்டு மணி நேரம் அங்கே. பிறகு நடந்தே சஃப்தர்ஜங், ஒரு மணி நேரம் போதும். சாப்பாடு முடிந்து ஆட்டோ பிடித்து ஹுமாயூன் சமாதியை அடுத்த சுந்தர் நர்சரிப் பூங்கா, பக்கத்திலேயே நிலத்தடி அருங்காட்சியகம். மூன்றரைக்கு ஹுமாயூன் சமாதிக்குள் நுழைந்தால் சூரியன் மறையும்வரை இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ முதல் வண்டி தாமதமாகத்தான் கிளம்பும். அன்று மட்டும் காலையில் ஆட்டோ பாருங்கள்.

*பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான். அப்போது போகலாமா?*
– வாசகர், விருதுநகர்

போகலாம், ஆனால் பகல் 11 மணி முதல் 4 மணிவரை தோட்டத்தில் நிற்க முடியாது. 40 டிகிரிக்கு மேல் போகும், அதோடு அனல் காற்று. ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும் என்பதால் லோதி, சஃப்தர்ஜங் இரண்டையும் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு அறைக்குத் திரும்புங்கள். நான்கரைக்கு மேல் ஹுமாயூன். மே மாதத்துக்கு ஒரு பரிசும் உண்டு: சரக்கொன்றை பூத்துத் தொங்கும் காலம் அது.

நல்ல காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை. முள்ளிலவு மரங்கள் இலை உதிர்த்து சிவப்பாகப் பூப்பதும் அப்போதுதான். நவம்பரில் காற்று கெட்டிருக்கும், இளைப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ஜனவரியில் சென்னை நினைப்பில் கிளம்பாதீர்கள். டெல்லியில் சூரியன் உதிக்கவே 7.15 ஆகும், பனிமூட்டம் விலகப் பத்து மணியும் ஆகலாம். தெற்கேயிருந்து வரும் ரயில்களும் மூடுபனியில் தாமதமாகும் மாதம் அது. வந்து சேரும் அன்றே சுற்றுலாவை வைத்துக்கொள்ள வேண்டாம்.

*கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்லாச் சமாதியும் ஒரே மாதிரி கும்மட்டமாகத்தான் படத்தில் தெரிகிறது. எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்?*
– மாணவி, கோவை

காலையில் லோதி தோட்டத்தில் முதலில் முகம்மது ஷா சமாதிக்குப் போங்கள். சையது வம்சத்து அரசர், 1444. எட்டுப் பட்டைக் கட்டடம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். மூலைகளைக் கவனியுங்கள்: ஒவ்வொரு மூலைத் தூணும் அடியில் அகன்று மேலே போகப் போக உள்ளே சாய்ந்திருக்கும். கும்மட்டத்தின் பாரம் சுவரை வெளியே தள்ளும் என்பதால் கொடுத்த முட்டு அது.

அடுத்து 1517-ஐச் சேர்ந்த சிக்கந்தர் லோதி சமாதி. அதே எட்டுப் பட்டை. ஆனால் சுற்றி ஒரு மதில் எழுந்துவிட்டது, மதிலுக்குள் தோட்டம். சமாதி தனியாக நிற்காமல் ஒரு தோட்டத்துக்குள் அமர்வது டெல்லியில் இங்கேதான் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இடையில் படா கும்பத், ஷீஷ் கும்பத் என்று சதுரக் கட்டடங்கள் இரண்டு. எட்டுப் பட்டை அரசருக்கு, சதுரம் பிரபுக்களுக்கு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் சட்டமில்லை. ஹுமாயூன் சமாதி வளாகத்தில் நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் ஈசா கான் சமாதி (1547) எட்டுப் பட்டை. அவர் ஷேர் ஷா அரசவைப் பிரபு, அரசர் இல்லை. படா கும்பத்தை ஒட்டிய மசூதியை (1494) விட்டுவிடாதீர்கள். சுண்ணச் சாந்தில் கையால் வெட்டிய எழுத்தும் கொடியும் சுவர் முழுக்க ஓடும். கல்லோ என்று ஏமாற வைக்கும் வேலை.

நாம் நடக்கும் இந்தப் பூங்கா மட்டும் பழையதில்லை. கைர்பூர் என்ற கிராமம் இருந்த இடம் இது. ஊரை அப்புறப்படுத்திவிட்டு 1936-இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்று ஆங்கிலேயர் அமைத்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகுதான் லோதி என்ற பெயர். ஆகவே இங்குள்ள புல்தரையை வைத்து 15-ஆம் நூற்றாண்டுத் தோட்டத்தை எடைபோட வேண்டாம்.

மாலையில் ஹுமாயூன். அவர் இறந்தது 1556-இல். மனைவி பேகா பேகம் எடுத்த பணி, பாரசீகக் கட்டடக் கலைஞர் மீரக் மிர்சா கியாஸ் வடிவமைத்தது, 1570 வாக்கில் எழுந்தது. தோட்டத்தைச் சதுரமாக நான்காக வகுத்து நடுவில் சமாதியை வைக்கும் சார் பாக் முறை இவ்வளவு பெரிதாக இந்தியாவில் வந்தது இங்கேதான். நான்கையும் மறுபடி பிரித்தால் 36 கட்டங்கள். நடு நான்கில் சமாதி, மீதி 32-இல் தோட்டம். பாத்தி கட்டி நீர் பாய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு பார்த்தவுடன் புரியும்.

வாய்க்காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். 40 மீட்டர் தூரத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் சரிவு. ஒரு வேப்பிலை மிதந்தால் நிற்பது போலத் தெரியும், கல் இணைப்பைக் குறி வைத்துப் பார்த்தால் நகர்வது தெரியும். மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானே போகும் அளவுக்கு மட்டும் சரிவு, அதற்கு மேல் ஒரு மயிரிழையும் இல்லை. ஒரே ஒரு கல் அரை சென்டிமீட்டர் தூக்கிவிட்டாலும் 20 மீட்டருக்கான சரிவு அங்கே தொலைந்து தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். 2003-இல் முடிந்த சீரமைப்பில் ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சுமார் 3 கிலோமீட்டர் வாய்க்காலை இந்தக் கணக்குக்கே மறுபடி பதித்தன. அதன் பிறகு கட்டட வேலையில் கூரையிலிருந்து மட்டும் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டை அகற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஒழுக்கை அடைக்கப் போட்டுப் போட்டுச் சேர்ந்த பாரம் அது. சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி சாந்தை அரிக்கும். நம் ஊர்ப் பழைய கோயில்களிலும் வீடுகளிலும் இதே தவறு நடக்கிறது. படிக்கும்போதே இதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சஃப்தர்ஜங் (1754) அதே சார் பாக், ஆனால் முகலாயர் கை இறங்கிய காலம். அவுத் (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) நவாபான சஃப்தர்ஜங்குக்கு மகன் கட்டியது. இதற்கான கல்லையும் பளிங்கையும் நிஜாமுதீன் அருகிலுள்ள அப்துல் ரஹீம் கான்-இ-கானான் சமாதியிலிருந்து பெயர்த்து வந்தார்கள். அக்பர் அவையில் இருந்து இந்தியில் ஈரடிப் பாக்கள் எழுதிய ரஹீம்தான் அவர். மதுரா ரோட்டில் போகும்போது உரிக்கப்பட்ட அந்தக் கும்மட்டத்தையும் ஒருமுறை பாருங்கள், காலையில் பார்த்த பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பது அப்போது உறைக்கும்.

*ஹுமாயூன் சமாதி முகப்பில் அறுகோண நட்சத்திரம் இருக்கிறதே, நம் முருகன் கோயில் சரவணபவ சக்கரம் மாதிரி. ஏன்?*
– வாசகர், பழனி

இரண்டு முக்கோணங்களைப் பின்னி வரையும் அந்த வடிவத்தை யூதர்கள், இஸ்லாமியக் கலைஞர்கள், நம்மவர்கள் என்று பலரும் தனித்தனியே கையாண்டிருக்கிறார்கள். முகலாயக் கட்டடங்களில் வளைவின் இரு தோள்களிலும் அலங்காரமாக வைப்பது வழக்கம். ஹுமாயூனில் நட்சத்திரத்துக்கு நடுவே ஒரு பூவும் இருக்கும். முருகன் யந்திரத்தோடு நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை.

*அப்பாவுக்கு வயது 72, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?*
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. லோதி தோட்டம் சமதரை, நடைபாதை நன்றாக இருக்கும், பெஞ்சுகளும் நிறைய. சுந்தர் நர்சரியும் அப்படித்தான். சிரமம் ஹுமாயூனில். வாசலிலிருந்து சமாதிவரை நீண்ட நடை, பிறகு சுமார் 7 மீட்டர் உயரமுள்ள மேடை. மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, ஒவ்வொரு படியும் உயரம், வெயிலிலிருந்து உள்ளே போனதும் இருட்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பகை. அப்பா கீழே வாய்க்காலோரம் உட்கார்ந்துகொள்ளட்டும், இழப்பொன்றும் பெரிதில்லை. மேலே இருப்பது அடையாளக் கல்லறைதான், உண்மையான புதைகுழி அடியில் இருக்கிறது. அவருக்கு அருங்காட்சியகத்தைக் கட்டாயம் காட்டுங்கள். 2024-இல் திறந்தது, பழைய படிக்கிணறு போல நிலத்துக்குள் இறங்குகிறது. 2014 புயலில் கும்மட்டத்தின் உச்சியிலிருந்து விழுந்த 18 அடிக் கலசம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. உள்ளே மரத்தண்டு, மேலே செம்புக் குடங்கள். நம் கோபுரக் கலசம் பார்த்தவர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

*வழிகாட்டி வைத்துக்கொள்வது அவசியமா? தமிழில் பேசுவோர் கிடைப்பார்களா?*
– வாசகர், சேலம்

லோதிக்குத் தேவையில்லை. ஹுமாயூனுக்கு வைத்தால் பயன் உண்டு. வாசலில் தானாக வந்து கையைப் பிடிப்பவரிடம் முதலில் சுற்றுலா அமைச்சகம் கொடுத்த புகைப்பட அடையாள அட்டையைக் கேளுங்கள். தமிழ் பேசுபவர் அரிது. முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் ஆங்கிலம் அல்லது இந்திதான். அரை நாள் என்றால் 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8 மணி நேரம் என்பது வழக்கம். தொகை எத்தனை பேருக்கு, டிக்கெட்டும் ஆட்டோவும் அதில் சேர்த்தியா, நடுவில் கடைக்கு அழைத்துப் போவாரா என்பதையெல்லாம் கிளம்புமுன் பேசி முடியுங்கள். கம்பளக் கடையில் போகும் ஒரு மணி நேரம் உங்கள் மாலை வெயிலிலிருந்து கழிவது. ஹுமாயூனில் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: 1857 செப்டம்பரில் கடைசி முகலாயர் பகதூர் ஷா சஃபர் பிடிபட்டது எங்கே? இதே வளாகத்தில்தான். அதை நின்று நிதானமாகச் சொல்பவர் நல்ல வழிகாட்டி.

*யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறோம். வெளிநாட்டவர் கட்டணம் 600 ரூபாய் என்கிறார்களே?*
– வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் அதைக் கட்ட வேண்டியதில்லை. தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கும் இந்தியருக்கும் ஒரே கட்டணம். ஹுமாயூனுக்கு 40 ரூபாய், சஃப்தர்ஜங்குக்கு 25. இணையத்தில் வாங்கினால் ஐந்து ரூபாய் குறைவு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். இணையத்தில் பதியும்போது நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், வாசலில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள், அறையில் வைத்துவிட்டு வர வேண்டாம். சுந்தர் நர்சரிக்கும் அருங்காட்சியகத்துக்கும் தனித்தனி டிக்கெட்.

*நிஜாமுதீன் நிலையத்தில் காலையில் இறங்கி இரவு வேறு ரயில். பெட்டிகளை என்ன செய்வது? சாப்பாடு?*
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ரயில் நிற்கும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்கு ஹுமாயூன் சமாதி கிட்டத்தில்தான். பெட்டிகளை நிலையத்துப் பொருள் காப்பறையில் போடுங்கள். பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள், ஜிப் வைத்த துணிப்பை என்றால் சின்னப் பூட்டு ஒன்று கொண்டுவாருங்கள். பயணச்சீட்டையும் காட்ட வேண்டும். பெரிய பையோடு நினைவுச் சின்னத்துக்குள் போக முடியாது.

சாப்பாட்டுக்கு, சஃப்தர்ஜங் முடிந்ததும் ஆட்டோவில் அசோகா ரோடு ஆந்திரா பவன் கேன்டீன். சோறு, பருப்பு, சாம்பார், ரசம் என்று கேட்கக் கேட்கப் போடுவார்கள். காரம் தூக்கலாக இருக்கும், குழந்தைகளுக்குத் தயிரும் பருப்பும் கேட்டு வாங்குங்கள். ஒரு மணிக்கு மேல் கூட்டம் நெரியும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். சின்னங்களுக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், தின்பண்டம் கூடாது. கட்டுச்சோறு இருந்தால் லோதி தோட்டத்துப் புல்தரையில் காலையிலேயே பிரித்துவிடுங்கள். பருந்தும் காக்கையும் மேலே வட்டமிடும், பொட்டலத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.

*கேமரா கொண்டுபோகலாமா?*
– வாசகர், ஈரோடு

புகைப்படத்துக்குக் கட்டணமில்லை. முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ட்ரோன் கூடவே கூடாது. குளிர்காலத்தில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், நான்கு மணிமுதல் ஐந்து மணிவரைதான் ஹுமாயூன் மேற்கு முகப்பு செம்பழுப்பாகச் சிவக்கும் நேரம். நடு வாய்க்காலின் நேர்க்கோட்டில் நின்று, கேமராவை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் கும்மட்டம் தண்ணீரிலும் விழும்.