முறிந்த தக்காளிச் செடியைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வி: திருவொற்றியூரில் மாடித்தோட்டம். பைகளில் பி.கே.எம்.1 ரகத் தக்காளி 12 செடி வைத்திருக்கிறேன். பூவெடுக்கும் நேரத்தில் மூன்று நாள் மழையும் காற்றும் அடித்ததில் பாதி சாய்ந்துவிட்டது. நாலைந்தில் தண்டே முறிந்து தொங்குகிறது. இலை ஓரமெல்லாம் கருகல். பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைக்கலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். இந்த டிசம்பரில் விதை போட்டால் நாற்றுக்கு 25 நாள், நட்ட பிறகு பழத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல். அதற்குள் மார்ச் வெயில் வந்துவிடும். இரவும் புழுங்கினால் பூ நிற்காது.

இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பாருங்கள். நார் போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும். முறிந்த இடத்தைப் பொருத்தி டேப் சுற்றி, பக்கத்தில் குச்சி நட்டு, பழைய வேட்டிக் கிழிசலால் எட்டு போலத் தளர்வாகக் கட்டுங்கள். வாரம் பத்து நாளில் அந்த இடம் முண்டு கட்டிவிடும். முழுக்க ஒடிந்த நுனியையும் எறிய வேண்டாம். அரையடி நீளத்துக்கு நறுக்கி, பூவையும் கீழ் இலைகளையும் கிள்ளிவிட்டு, ஈரமான தென்னை நார்க்கழிவில் நட்டு நிழலில் வையுங்கள், வேர் பிடிக்கும்.

ஓரம் கருகியது பெரும்பாலும் கடல் காற்றின் உப்பு. காலையில் மெட்ரோ குழாய்த் தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றில் தப்பிய செடி, தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிச் சாகும்.

இலை பச்சையாக இருந்தும் செடி வாடுகிறதா? ஒரு தண்டை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். மருந்து தேட வேண்டாம்.

யூரியா இப்போது கூடாது. புதுத் துளிர் விட்ட பிறகு மீன் அமிலம் (மீன் கழிவையும் வெல்லத்தையும் மூடிய வாளியில் ஊறவைத்து எடுக்கும் கரைசல்), லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் போதும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கும்போது மீன் கழிவுக்கா பஞ்சம்? வாளிக்கு மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், பூனைத் தொல்லை.

இன்னொன்று: பக்கக் கிளையைக் கிள்ளச் சொல்வார்கள். பி.கே.எம்.1 ஓரளவு வளர்ந்து நின்றுவிடும் ரகம், காய்ப்பே கிளைகளில்தான். கிள்ளாதீர்கள். மறுபடி பூ வந்ததும் காலை ஒன்பது மணிவாக்கில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.