35,000 குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்னேர் டிரம்மை கவுத்துப் போட்டுப் பாருங்க

சேலம் அம்மாபேட்டையில இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. பையன் மெல்லிசைக் குழுவுல டிரம்ஸ் வாசிக்கறானாம், செட்டுல அடியில கம்பி கட்டுன ஸ்னேர் டிரம் தகர டப்பா மாதிரி கேக்குதாம், ஒரு புரோக்கர் வந்து லெட் செப்பலின் குழுவோட டிரம்மர் ஜான் பான்ஹம் வாசிச்ச அதே மாடல், லுட்விக் கம்பெனியோட சூப்ராஃபோனிக் ஸ்னேர், பழைய பீஸு, 35,000 குடுங்கன்னு நிக்கறாராம், ஆடி கச்சேரிக்குள்ள வாங்கிடலாமாங்கறாரு.

இப்ப வாங்காதீங்கண்ணே. சூப்ராஃபோனிக் அருமையான டிரம்தான். அலுமினிய ஷெல் (டிரம்மோட உருளை உடம்பு), மேல குரோம், மெதுவா தட்டுனாலும் பேசும், ஓங்கி அடிச்சாலும் சத்தம் உடையாது, பான்ஹம் வச்சிருந்தது 14 இஞ்ச் அகலம், ஆறரை இஞ்ச் ஆழம். அதே லுட்விக்கோட பித்தளை ஷெல்லு பிளாக் பியூட்டி ஸ்னேருக்கும் உசுர விடற ஆளுங்க இருக்காங்க. ஆனா தகர சத்தம் பெரும்பாலும் ஷெல்லுல இருந்து வர்றதில்ல, அடியில இருந்து வருது.

கவுத்துப் போட்டுப் பாருங்க. மேல அடிச்சா உள்ள இருக்கற காத்து கீழ் ஹெட்டைத் (அடிப்பக்கம் இழுத்துக் கட்டுன தாளை) தள்ளும், அதுல படுத்திருக்கற சுருள் கம்பிங்க, சாதாரணமா 20 இருக்கும், துள்ளி விழும், அந்த ‘சரக்’குங்கற சத்தம்தான் ஸ்னேரே. அதுக்கு கீழ் ஹெட் ரொம்ப மெல்லிசா இருக்கணும், மேல போடறது கால் மில்லிமீட்டர்னா கீழ அதுல மூணுல ஒரு பங்குதான். நம்ம கடைங்கள்ல கேட்டா ஸ்டாக் இல்ல, இதையே ரெண்டு பக்கமும் போடுங்கன்னு மேல் ஹெட்டைக் கட்டி அனுப்பறாங்க! தவிலோட வலது பக்க வலந்தலைக்குப் போடற தோலை இடது பக்கத் தொப்பிக்குப் போட்டா எந்த தவில்காரராவது சும்மா இருப்பாரா? எத்தனை தடவை சொன்னாலும் வரவழைச்சு வைக்க மாட்டேங்கறாங்க, எனக்கு ஆத்திரமா வருது.

போன மாசம் வந்த ஒரு ஸ்னேர்லயும் இதே கதைதான், ரெண்டு இழை வளைஞ்சு தூக்கிக்கிட்டு நின்னுச்சு, மீதி இழையை கழுத்தை நெரிக்கற மாதிரி இறுக்கி வச்சிருந்தாங்க. வளைஞ்சதை வெட்டி எடுத்து, மெல்லிசு ஹெட்டைப் போட்டு, எதிரெதிர் போல்ட்டா கால் கால் சுத்து முறுக்கி, கம்பியைக் கொஞ்சம் தளர்த்துனேன், அவ்ளோதான், டிரம்முக்கு வாய் வந்துருச்சு.

இனி புரோக்கர் விஷயம். ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. ரிம்ல, அதாவது ஹெட்டைப் பிடிச்சிருக்கற வளையத்துல வைக்காதீங்க, அது இரும்பா இருந்தா ஒட்டத்தான் செய்யும், ஷெல்லுல வைங்க. ஒட்டுச்சுன்னா அது அலுமினியமும் இல்ல பித்தளையும் இல்ல, குரோம் பூசுன இரும்பு, எழுந்து வந்துருங்க. ஆனா ஒட்டலைன்னா உடனே நம்பிறாதீங்க, இதுலதான் நெறைய பேர் ஏமாறாங்க. ஸ்டீல் பிளான்ட் இருக்கற ஊர் நம்மளது, வீட்டுல எவர்சில்வர் பாத்திரத்துல காந்தத்தை வச்சுப் பாருங்க, சிலது ஒட்டும், சிலது ஒட்டவே ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல செஞ்ச டிரம்மும் அப்படித்தான், ஒட்டலைங்கறதால அலுமினியம்னு ஆயிடாது. கையில தூக்கிப் பாருங்க, அதே தடிமன்ல ஸ்டீல் அலுமினியத்தைவிட கிட்டத்தட்ட 3 மடங்கு கனம். இன்னொண்ணு, அலுமினியத்து மேல குரோம் சரியா நிக்காது, பழைய சூப்ராஃபோனிக்ல புள்ளி புள்ளியா பொரிஞ்சு உரியும். அம்பது வருஷத்து பீஸுன்னு சொல்லிட்டு கண்ணாடியாட்டம் மின்னுச்சுன்னா எப்படின்னு கேளுங்க.

ஏற்காட்டுல கச்சேரின்னா வாசிச்சு முடிச்சதும் கம்பியைக் காஞ்ச துணியால துடைக்கச் சொல்லுங்க, அந்தப் பனியில ஈரத்தோட பைக்குள்ள வச்சா துரு ஏறிரும். இப்போதைக்கு கீழ் ஹெட், கம்பி ரெண்டையும் மட்டும் மாத்தி ஒரு கச்சேரி வாசிக்கட்டும், அப்பவும் தகரமாவே கேட்டா ஷெல்லோட விளிம்பு வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும், டிரம்மை எடுத்துட்டு வாங்க.